போனில் வரும் தூண்டில்: குடும்பத்தார் கவனத்திற்கு



நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு முன்பெல்லாம் முதியோர் உதவித்தொகை மனு எழுதவும், மருத்துவச் செலவுக்கு உதவி கேட்கவும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் பற்றிப் பேசவும்தான் ஆட்கள் வருவார்கள். இப்போது செல்போனை நீட்டிக்கொண்டு, "இதைக் கொஞ்சம் பாருங்க, பேங்க்ல இருந்த பணம் போயிடுச்சு" என்று வருகிறார்கள். இப்படிப் பணத்தைப் பறிகொடுத்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு, பட்டம் பெற்றவர்களும் உண்டு. ஆகவே ஏமாந்தவரைப் பார்த்து "இதுகூடவா தெரியாது?" என்று கேட்பதை முதலில் நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் விஷயத்தை வெளியில் சொல்வதில்லை. அப்படி மறைக்கிற நேரத்தில்தான் பணம் கைக்கு எட்டாத இடத்திற்குப் போய்விடுகிறது.

இந்த மோசடிக்கு 'ஃபிஷிங்' என்று பெயர். ஆங்கிலத்தில் மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லின் எழுத்தை மாற்றி வைத்த பெயர் இது. பெயருக்கேற்றபடிதான் வேலையும். வங்கியிலிருந்தோ, மின்வாரியத்திலிருந்தோ, அரசு அலுவலகத்திலிருந்தோ வந்தது போல ஒரு செய்தியை ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்புவார்கள். யாராவது ஒருவர் இரையைக் கவ்வினால் போதும். நம் பூட்டை அவர்கள் உடைப்பதில்லை. பதற்றத்திலோ ஆசையிலோ நாமே சாவியை எடுத்துக் கொடுக்கும்படி செய்துவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு முழுக்க ஒரு குறுஞ்செய்தி சுற்றியது. போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழையுங்கள் என்று அதில் இருந்தது. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோ வெளியிட்டு எச்சரிக்க வேண்டிய அளவுக்கு அது பரவியது. அந்தச் செய்தியை நிதானமாகப் படித்திருந்தால் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை. "போன மாத பில்" என்று நம் மின்வாரியம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. எங்கோ வெளியில் உட்கார்ந்து எல்லா மாநிலத்துக்கும் பொதுவாக எழுதிய செய்தி அது. ஆனால் வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருக்கும்போது இரவில் கரண்ட் போய்விடும் என்றால் யாருக்கு நிதானம் வரும்?

அந்த எண்ணை அழைத்தவர்களுக்கு நடந்தது இதுதான். "ஒரு ஆப் இறக்கிக்கொள்ளுங்கள், பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்கள், சரியாகிவிடும்" என்பார்கள். இறக்கச் சொன்னது எனிடெஸ்க் போன்ற ஆப். கணினி பழுது பார்ப்பவர்கள் தூரத்திலிருந்தே வேலை செய்வதற்கான ஆப் அது, தன்னளவில் கெட்டதல்ல. ஆனால் அதை இறக்கி, அது காட்டும் எண்ணை அவரிடம் படித்துச் சொல்லிவிட்டால், நம் போன் திரை முழுவதும் அவருக்குத் தெரியும். பத்து ரூபாய் அனுப்ப நாம் அடிக்கும் ரகசிய எண், அடுத்து வரும் ஓடிபி எல்லாமே அவர் கண்முன் ஓடும். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இந்த முறையைப் பற்றி எச்சரித்துவிட்டது. போனில் பேசுகிறவர் எந்த ஆப்பை இறக்கச் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இப்போது இன்னும் எளிதான வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். நிக்காஹ் அழைப்பிதழ் என்று பெயர் இருக்கும், அல்லது உங்கள் வண்டிக்குப் போக்குவரத்து அபராதம் என்றோ பிஎம் கிசான் பணம் என்றோ இருக்கும். மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிற நம் பகுதி விவசாயிகளுக்கு பிஎம் கிசான் என்றவுடன் கை தானாகத் தொட்டுவிடும். அந்தக் கோப்பின் பெயர் கடைசியில் 'ஏபிகே' என்று முடிந்தால் அது அழைப்பிதழும் அல்ல, அபராதச் சீட்டும் அல்ல. போனுக்குள் குடியேறும் ஆப். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நாம் 'சரி' என்று தட்டினால், வங்கி அனுப்பும் ஓடிபி நமக்குத் தெரியாமலே அவர்களுக்குப் போகும். உண்மையான கல்யாணப் பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வந்தாலும் ஏபிகே-யைத் திறக்க வேண்டாம். அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம்.

இணைய முகவரியைப் படிக்கும் முறையையும் ஒருதடவை கற்றுக்கொண்டால் போதும். மோசடிக்காரர்கள் முகவரியின் தொடக்கத்தில் வங்கியின் பெயரை அழகாக எழுதுவார்கள். நாம் முதல் சொல்லைப் பார்த்து நம்பிவிடுகிறோம். ஆனால் உண்மை முகவரியின் கடைசியில்தான் இருக்கிறது. மதரஸாவில் ஓதும் நம் பிள்ளைகளுக்கு வலமிருந்து இடமாகப் படிப்பது புதிதல்லவே, இதையும் அப்படியே படிக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாக வர வேண்டும். அரசுத் தளமாக இருந்தால் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' என்று முடிந்திருக்கும். வங்கிகள் எல்லாம் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஸ்டேட் வங்கியின் முகவரி இப்போது 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்'. அதற்குப் பிறகும் ஒரு புள்ளி வைத்து வேறு ஏதாவது சொல் ஒட்டிக்கொண்டிருந்தால், அது ஸ்டேட் வங்கி அல்ல.

நம் சமுதாயத்தைக் குறிவைத்தே சில தூண்டில்கள் போடப்படுகின்றன. அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை என்று வரும் அழைப்புகள் முதலாவது. பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு எல்லாம் சரியாகச் சொல்லி, ஸலாமும் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எங்களிடம் வந்த ஒரு தாயாரின் பிள்ளை நான்காம் வகுப்பு. "மத்திய அரசு மைனாரிட்டி ஸ்காலர்ஷிப் பாஸாகிவிட்டது, நாங்கள் அனுப்பும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் ஏறிவிடும்" என்றிருக்கிறார்கள். ஆடு விற்று வைத்திருந்த பணம் போனது. இரண்டு விஷயங்கள் தெரிந்திருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும். மத்திய அரசின் பத்தாம் வகுப்பு வரையிலான சிறுபான்மையினர் உதவித்தொகை, 2022-23 கல்வியாண்டிலிருந்து ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த முடிவில் நமக்கு வருத்தம் உண்டு, அது வேறு பேச்சு. நான்காம் வகுப்புக்கு அந்த உதவித்தொகை 'பாஸாக' வழியே இல்லை. இரண்டாவது, யுபிஐ-யில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போடுகிறோம் என்றால் நம் பணம் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும், குறிப்பாகக் கணவர் வெளிநாட்டில் இருக்க, கணக்கைத் தனியாகக் கவனிக்கும் பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அடுத்தது ஹஜ், உம்ரா. ஹஜ் கமிட்டி வழியாகச் செல்ல விண்ணப்பிப்பது இந்திய ஹஜ் கமிட்டியின் இணையதளத்திலோ, 2024 மார்ச்சில் வெளியிடப்பட்ட ஹஜ் சுவிதா ஆப்பிலோ மட்டும்தான். தனியார் மூலம் ஹஜ் செல்வதானால் அந்த நிறுவனம் மத்திய சிறுபான்மையினர் விவகார அமைச்சகத்தில் பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். "குலுக்கலில் பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை, விசிட் விசாவில் கூட்டிப்போகிறோம், முன்பணத்தை இந்த எண்ணுக்கு ஜிபே செய்யுங்கள்" என்று வரும் விளம்பரங்கள் வாழ்நாள் சேமிப்பையே விழுங்கிவிடும். உம்ரா விசாவிலோ விசிட் விசாவிலோ ஹஜ் செய்ய அனுமதி கிடையாது. மீறி முயன்றால் 20,000 ரியால் வரை அபராதம் என்று சவூதி அரசு 2025-இல் அறிவித்தது.

பள்ளிவாசல், மதரஸா நிர்வாகிகளுக்கும் தனியாக ஒரு தூண்டில் இருக்கிறது. வளைகுடா நாட்டின் பெரிய அறக்கட்டளை ஒன்று உங்கள் மதரஸாவுக்கு லட்சக்கணக்கில் நன்கொடை ஒதுக்கியிருக்கிறது, பணத்தை விடுவிக்கச் சிறிய கட்டணம் செலுத்துங்கள் என்று மின்னஞ்சல் வரும். அரபியில் முத்திரையெல்லாம் இருக்கும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி மத்திய உள்துறையின் பதிவோ முன்அனுமதியோ இல்லாத எந்த அமைப்பும் வெளிநாட்டு அமைப்பிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. பதிவு இருந்தாலும், 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். ஆகவே நம் போன்ற சிறிய ஊர் அமைப்புகள் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதக்கூடத் தேவையில்லை.

ரமலான் நெருங்கும்போது ஜகாத், ஸதகா கேட்டு வரும் படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோயாளிக் குழந்தையின் படம், கீழே ஒரு க்யூஆர் கோடு. உண்மையான வேண்டுகோளில் உள்ள கோடை மட்டும் மாற்றி ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். நாமும் நன்மை என்று நினைத்துப் பத்து குழுக்களுக்கு அனுப்புகிறோம். கொண்டுவருபவன் நம்பத்தகாதவனாக இருந்தால் செய்தியை விசாரித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை ஸூரத்துல் ஹுஜுராத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் பார்வர்டு பட்டனை அழுத்தும்போது அதை நினைக்கிறோம்? ஸ்கேன் செய்தவுடன் திரையில் யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொகையை அடிக்க வேண்டும். நம் அறக்கட்டளைக்கு அனுப்பும்போது அறக்கட்டளையின் பெயர்தான் வரும். தனிநபர் பெயர் எதுவும், செயலாளரின் பெயர் உட்பட, வரக்கூடாது.

வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க எண் ஒன்று வந்து, "தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன், கொஞ்சம் சொல்லுங்கள்" என்று தெரிந்தவரே கேட்டாலும் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் வாட்ஸ்அப் அவர்கள் போனுக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் ஜமாஅத் குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் "அவசரம், ஐயாயிரம் அனுப்புங்க பாய்" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டு வந்தால், அந்த நபருக்கு நேராகப் போன் செய்து அவர் குரலைக் கேளுங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்பு என்று ஒன்று உள்ளது. அதை இன்றே போட்டுவைப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட நம்மை அதிகம் கவலைப்பட வைப்பது 'டிஜிட்டல் கைது'. காவல்துறை சீருடையில் ஒருவர் வீடியோ காலில் வருவார். உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் கார்டு குற்றத்தில் பயன்பட்டிருக்கிறது, உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, நீங்கள் கைது, கேமராவை விட்டு நகரக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது என்பார். வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் 2024-இல் இப்படித்தான் 7 கோடி ரூபாய் பறித்தார்கள். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பெயரில் ஒரு போலி விசாரணையையே ஆன்லைனில் நடத்திக் காட்டினார்கள். பத்மபூஷண் விருது பெற்ற தொழிலதிபர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையிலேயே இதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

நம் வீடுகளுக்கு வரும்போது இந்த அழைப்பில் ஒரு வரி கூடுதலாகச் சேர்கிறது. "உங்கள் கணக்கிலிருந்து தீவிரவாதிகளுக்குப் பணம் போயிருக்கிறது" என்பார்கள். ஒரு முஸ்லிம் குடும்பத்தில் அந்த வார்த்தை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் எதிர்காலம், ஊரில் பேச்சு, செய்தித்தாளில் பெயர் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்துவிடும். தப்பே செய்யாதவரும் "எவ்வளவு என்றாலும் கொடுத்து முடித்துவிடுவோம்" என்று நினைப்பார். அந்தப் பயம்தான் அவர்களுடைய முதலீடு.

எனவே இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்புவது சட்டப்படியான முறை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. எந்த விசாரணை அமைப்பும் கணக்கைச் 'சரிபார்க்க' உங்கள் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. அழைப்பைத் துண்டித்தால் யாரும் வீட்டுக்கு வந்து பிடித்துப் போக மாட்டார்கள். துண்டித்துவிட்டு, உடனே குடும்பத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று சொல்லும் அதிகாரி அதிகாரியே அல்ல.

போனில் பேசும் அந்த ஆள் யார் என்று யோசித்ததுண்டா? 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். தமிழர்கள் சுமார் 50 பேர் உட்பட சுமார் 300 இந்தியர்கள் மியான்மரில் சிக்கியிருப்பதாக அதில் இருந்தது. தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போனவர்கள். அங்கே அவர்களை அடித்து உதைத்து ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்திருக்கிறார்கள். அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். நம் பகுதியிலிருந்தும் பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் போகிறார்கள். ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் 'இமைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

இனி நம் வாலிபர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. மோசடிப் பணம் நேராக மோசடிக்காரன் கணக்குக்குப் போவதில்லை. நடுவில் பல கணக்குகள் வேண்டும். அதற்காகக் கல்லூரி மாணவர்களிடமும் வேலை தேடும் பிள்ளைகளிடமும், "உன் பேங்க் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் கொடு, ஒரு சிம் வாங்கிக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று பேரம் பேசுகிறார்கள். கேட்பவன் பெரும்பாலும் தெரிந்த நண்பனாக இருப்பான். 'கேமிங் பணம்', 'கிரிப்டோ பணம்' என்று ஏதாவது காரணம் சொல்வான். சில வாரம் கழித்து வேறு மாநிலத்துக் காவல்துறை வந்து நிற்கும்போது, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதல் ஆள். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எனக்குத் தெரியாது என்று சொல்லி வெளியே வருவதற்குள் படிப்பும் பாஸ்போர்ட்டும் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சட்டத்தை விடுங்கள். அந்தக் கமிஷன் எங்கோ ஒரு விதவையின் மருந்துப் பணமாக இருக்கலாம். அது ஹராம் என்பதற்கு யாரிடமும் ஃபத்வா கேட்கத் தேவையில்லை. பெற்றோர்கள் பிள்ளைகளின் பாஸ்புக்கை மாதம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம்; நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய உள்துறையின் சைபர் மோசடி உதவி எண் இது, தமிழிலேயே பேசலாம். இந்த ஏற்பாட்டின் நோக்கமே, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் வழியில் நிறுத்திவைப்பதுதான். காலையில் பார்த்துக்கொள்ளலாம், மகன் துபாயிலிருந்து பேசட்டும் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் யாரோ ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அழைக்கும்போது உங்கள் வங்கிக் கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். மோசடிக்காரன் அனுப்பிய செய்திகளைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அவைதான் சாட்சி. இணையத்தில் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் புகாரைப் பதியலாம். கள்ளக்குறிச்சியில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. கூகுளில் தேடி வரும் 'கஸ்டமர் கேர்' எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இழந்த பணத்தை மீட்டுத்தருகிறோம் என்று இரண்டாவது தடவை பறிக்கும் கூட்டமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. வங்கியின் எண் உங்கள் ஏடிஎம் கார்டின் பின்பக்கம் அச்சிடப்பட்டிருக்கும்.

வங்கிக்கும் அன்றே எழுத்தில் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு வழியில் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்துவிட்டால், உங்களுக்கு இழப்பே கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் ஒரு வரம்பு வரை இழப்பைச் சுமக்க வேண்டும். தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும். நாமே ஓடிபி-யையோ பின் நம்பரையோ சொல்லியிருந்தால், தெரிவிக்கும்வரை போன பணம் நம் தலையில்தான். ஆனால் தெரிவித்த பிறகும் போகும் பணத்திற்கு வங்கியே பொறுப்பு. நாமே சொல்லிக் கெட்டவர்களும் உடனே புகார் செய்ய வேண்டும் என்பது அதனால்தான். புகார் கொடுத்ததற்கு வங்கியில் முத்திரையிட்ட நகல் வாங்காமல் திரும்பாதீர்கள். "அப்புறம் வாங்க" என்பது எழுத்தில் வராது.

புகார் எழுதத் தெரியாதவர்களுக்கும் தளத்தில் பதிய முடியாதவர்களுக்கும் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் பின் அஸர் வரை உதவி செய்ய ஏற்பாடு செய்திருக்கிறோம். பெண்கள் சார்பில் வருபவர்களுக்கு மதரஸா ஆலிமா ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார். யார் வந்தார்கள், என்ன போனது என்பது வெளியில் போகாது. அவசரம் என்றால் வெள்ளி வரை காத்திருக்க வேண்டாம், எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள். ஆனால் 1930-ஐ அழைத்துவிட்டுத் தட்டுங்கள். வரும்போது பாஸ்புக், ஆதார் நகல், பணம் போன அந்த போன் ஆகியவற்றைக் கொண்டுவரவும். ஓடிபி-யோ பின் நம்பரோ நாங்கள் கேட்க மாட்டோம், நீங்களும் சொல்ல வேண்டாம்.

வஸ்ஸலாம்.